நூற்றைப் பங்கு போடுவது

சமமாகப் போட்டால் வாங்காதாம். வசந்தாமணி முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு என்று அடித்துப் பார்த்தாள். இரண்டு பேருக்கு ஒரே எண் கூடாது என்று ஃபார்ம் சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டது. என்ன ஒரு கண்டுபிடிப்பு. மூன்று பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட்டுக்கு நூறு மதிப்பெண்ணை அந்த மூன்று பேரே தங்களுக்குள் பிரித்துக்கொடுக்க வேண்டும், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது, இன்று ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும், தனக்குத் தானே போட்டுக்கொள்வது கணக்கில் சேராது, மற்ற இருவர் போட்டதன் சராசரி இருபதுக்குக் கீழே போனால் அரியர். இதையெல்லாம் வகுப்பில் சொல்லும்போது டாக்டர் சஞ்சீவின் முகத்தில் என்ன ஒரு பூரிப்பு, ஏதோ நோயாளிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்ட மாதிரி. முப்பத்தாறு வயசு. அவளைவிட ஏழு வயசு சின்னவன். இவன் பள்ளிக்கூடத்தில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் டிப்ளமோ முடித்திருந்தாள். இப்போது அவனைப் பார்த்து எழுந்து நின்று குட்மார்னிங் சார் என்கிறாள், எல்லாம் பாலிடெக்னிக் நிர்வாகம் பண்ணின வேலை. ஜூன் மாதத்துக்குள் எம்.இ. காட்டாத லெக்சரர்கள் ஆபீஸ் வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை. பதினேழு வருஷம் பாடம் நடத்தினவள் டி.சி. எழுதிக்கொடுக்கிற சீட்டில் போய் உட்கார வேண்டுமாம். அதனால்தான் கல்லூரி நூலகத்தின் இந்த ஏசி அறையில், பதினெட்டில் வைத்துவிட்டு ரிமோட்டை எங்கேயோ தொலைத்துவிட்ட இந்தக் குளிரில், முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிர் மேசையில் ஒருவன் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். வாயோரம் ஈரம். எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. மணி நாலு பன்னிரண்டு.

இந்தக் காலத்தில் நிற்க வைப்பதுகூடப் பாடமாகிவிட்டது. தினமும் காலையில் கால் மணி நேரம் எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டு நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்று ஒப்பிக்க வேண்டும், உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம். அவளுடைய பாலிடெக்னிக்கில் வீட்டுப்பாடம் செய்யாதவன்தான் நிற்பான். இங்கே செய்தவனும் நிற்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். சுவரில் மஞ்சள், பச்சை, ரோஸ் நிறத்தில் துண்டுச் சீட்டுகளை ஒட்டி, முடிந்த வேலையை இடமிருந்து வலமாக நகர்த்துவார்கள், மின்விசிறி போட்டால் பாதி வேலை தரையில் கிடக்கும். இதற்கு ஒரு முதுகலைப் பட்டம். அவள் நடத்தும் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இப்படியா இருக்கும்? ஐந்து பெட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. தேவை, வடிவமைப்பு, எழுதுதல், சோதனை, பராமரிப்பு. எட்டு மார்க். ஒரு அம்புக்குறி விட்டுப்போனால் அரை மார்க் வெட்டு. பதினேழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் அம்புக்குறிகளைத் திருத்தியிருப்பாள், ஒன்றாவது கீழிருந்து மேலே போனதுண்டா? ஆனால் யாராவது பயன்படுத்துகிற மாதிரி நூறு வரி அவள் எழுதியதுண்டா என்று கேட்டால்... யாரும் கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? நீச்சல் மாஸ்டர் எல்லாம் கடலைத் தாண்டிவிட்டா வருகிறார்கள்? கல்லூரிப் பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் காட்டுவதுதான் இவர்கள் மூன்று பேரின் புராஜெக்ட். பஸ் எப்போதும் போலத் தாமதமாகத்தான் வரும், எவ்வளவு தாமதம் என்று இனிமேல் துல்லியமாகத் தெரியும். இதில் முக்கால் பங்கு இர்ஃபான் எழுதியது. கரும்புக்கடை ஏரியாவிலிருந்து வருகிறவன், ஏப்ரல் வெயிலில் தொப்பி வைத்த பனியன், காதில் எந்நேரமும் பாட்டுக் கேட்கிற ஒரு மாட்டல், பேசினால் பாதி முழுங்கிவிடுவான். அவனுடைய கோடிங்கைத் திறந்தால் பெயர்கள் எல்லாம் பரோட்டா ஒன்று, பரோட்டா இரண்டு. பரோட்டா இரண்டு காலியாக இருந்தால் பரோட்டா ஒன்றைத் திருப்பு. இவனுக்கு அவள் கிளாஸில் பாஸ் மார்க்கே வந்திருக்காது. ஆனாலும் அது ஓடியது. மனசறிந்து சொன்னால் அவள் எழுதிய இரண்டு பக்கங்களையும்கூட ஓட வைத்தது அவன்தான். அதற்காக அவனை இன்னும் கொஞ்சம் பிடிக்காமல் போனது.

மதியமே வந்து சொல்லிவிட்டுப் போனான், ரகசியமாவது ஒன்றாவது. "அக்கா, நான் போட்டுட்டேன். உங்களுக்கு நாப்பது, எனக்கு அம்பது, அவளுக்குப் பத்து. அதுவே ஜாஸ்திக்கா. ஒம்பது நாள் வேலைக்கா." அவளுக்கு நாற்பது. அவள் எதைச் செய்து கிழித்தாள் என்று நாற்பது? வயசுக்கு மரியாதை போட்டிருப்பான், பஸ்ஸில் எழுந்து சீட் கொடுக்கிற மாதிரி. அந்த மரியாதையை நினைத்தால் எரிச்சலாக வந்தது, ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்குப் பத்து என்றால் கோகிலவாணிக்குப் பத்து. ஆக வசந்தாமணி முப்பது போட்டால் சராசரி இருபது, பிழைத்துக்கொள்வாள். அதற்குக் கீழே போட்டால் அரியர். அரியர் என்றால் சென்னைக் கம்பெனி கொடுத்திருக்கிற வேலை போச்சு, ஜூன் முதல் தேதி சேரும்போது ஒரு பேப்பர்கூட பாக்கி இருக்கக் கூடாது என்று ஆர்டரிலேயே போட்டிருக்கிறது, அந்தப் பெண் அதை லேமினேட் செய்து பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள். லேமினேட். இமெயிலில் வந்ததைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்கிற புத்தியை என்னவென்று சொல்வது? கோகிலவாணி சோமனூர்க்காரி, எட்டு வருஷத்துக்கு முன் வசந்தாமணியிடமே டிப்ளமோ படித்தவள். எண்ணெய் வழிய வாரின தலை, எதற்கெடுத்தாலும் சரிங்க மேடம். பிறகு லேட்டரலில் பி.இ. சேர்ந்து, ஒரு வருஷம் எங்கேயோ டேட்டா அடித்து, இங்கே வந்து அதே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தபோது வசந்தாமணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் அக்கா என்றார்கள், இவள் மட்டும் விடாமல் மேடம். முதல் நாளே எழுந்து நின்றுவிட்டாள், வகுப்பே திரும்பிப் பார்த்தது. உட்காருடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. டீம் பிரிக்கும்போதும் ஓடி வந்து மேடம் கூட நான் என்றாள். யார் கேட்டார்கள்? தானாக வந்து ஒட்டிக்கொண்டவள். ஒட்டாமல் இருந்திருந்தால் அவளுடைய லேப்டாப் அந்த வியாழக்கிழமை வசந்தாமணிக்குப் பக்கத்து மேசை மேல் இருந்திருக்காது. சரி, அது இப்போது எதற்கு. குளிரில் விரல் நுனி மரத்துப்போகிறது. இந்த நூலகர் என்ன செய்கிறார், பேப்பர் வெட்டுகிறார், எட்டு மணி நேரமும் பேப்பர் வெட்டுவதற்குச் சம்பளம். முப்பது போட்டு முடித்துவிட்டால் என்ன? நாற்பதுகூடப் போடலாம். போட்டால் சஞ்சீவ் சும்மா விடுவானா? மேடம், டீமோட வேலையையே அழிச்ச பொண்ணுக்கு ஏன் நாற்பது என்று கேட்பான், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, அந்தக் குழந்தை டாக்டர் சிரிப்போடு. தவிர, கீழே அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறது. காலியாக விட முடியாது. இரண்டாம் ரெவ்யூவுக்கு முன்னால் கோடிங் அழிந்ததற்கு யார் பொறுப்பு, தெரிந்ததை எழுதவும்.

வியாழக்கிழமை வசந்தாமணியின் சொந்த லேப்டாப் அப்டேட் என்று ஆரம்பித்து முப்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கென்று பார்த்து. மூன்று மணிக்கு சஞ்சீவ் பார்க்க வருகிறான், அவளுடைய இரண்டு பக்கங்கள் பென் டிரைவில் கிடக்கின்றன. எழுதியதை எல்லோருக்கும் பொதுவான காலேஜ் சர்வருக்கு அனுப்புவதை இவர்கள் புஷ் என்பார்கள். கோகிலவாணியின் லேப்டாப் திறந்தே இருந்தது, அவள் பெயரில் உள்ளே நுழைந்தே இருந்தது. அவள் வெளியே எங்கேயோ போயிருந்தாள். எங்கே போனாள் என்பது இங்கே முக்கியமில்லை. மணி ஒன்று பத்து. லேபில் ஒரு ஈ காக்கா இல்லை. வசந்தாமணி தன்னுடையதை ஏற்றி, புஷ் செய்தாள். மறுத்தது. மறுபடி செய்தாள். மறுபடி மறுத்தது. அங்கே மற்றவர்கள் வேலை புதிதாக இருக்கிறது, முதலில் அதை எடுத்துச் சேர்த்துக்கொள் என்று ஏதோ நாலு வரி ஆங்கிலத்தில். ஐந்து நிமிஷம் பொறுத்து அந்தப் பெண்ணையே கேட்டிருக்கலாம். யாரை? லேபில் தான் நிற்க வைத்த பெண்ணை? ஏம்மா, இதை எப்படி அனுப்புவது என்று? நெட்டில் தேடினாள், முதலில் வந்த பதிலில் ஒரு வரி இருந்தது, கடைசியில் ஃபோர்ஸ் என்று ஒரு வார்த்தை. அப்படியே தட்டினாள். போயிற்று. மறுக்கவே இல்லை, சமர்த்தாகப் போயிற்று. ஒரு மெஷின் நாம் சொன்னதைக் கேட்டதே என்று ஒரு நிம்மதிகூட வந்தது. மூன்று மணிக்கு சஞ்சீவ் வரவில்லை, ஏதோ மீட்டிங். மறுநாள் காலை வட்டமாக நிற்கும்போது இர்ஃபான் மட்டும் நிற்காமல் தரையில் உட்கார்ந்திருந்தான். சர்வரில் அவனுடைய ஒன்பது நாள் வேலை இல்லை, ஃபோர்ஸ் போட்டு அனுப்பியது அதன் மேலேயே ஏறி அழித்திருந்தது. அவனுக்குச் சொந்த லேப்டாப் கிடையாது, லேப் கணினியில்தான் அடிப்பான், அதுவோ சாயங்காலம் அணைத்தால் எல்லாவற்றையும் துடைத்துவிடும். இருந்த ஒரே இடம் சர்வர். அழுதான். இருபத்து மூன்று வயசுத் தடியன் காதில் மாட்டலோடு அழுதான். சீ என்றுதான் முதலில் தோன்றியது, அதுதான் அவளுடைய புத்தி, எதைப் பார்த்தாலும் முதலில் சீ. சஞ்சீவ் சர்வர் பதிவேட்டைத் திறந்து, லாக் பொய் சொல்லாது என்று சொல்லி, எல்லோருக்கும் திரையில் காட்டினான். வியாழன், ஒன்று பதினாலு, கோகிலவாணி. அந்தப் பெண் திரைக்கு அருகே போய்த் தன் பெயரைப் படித்தாள். நான் பண்ணலீங்க சார் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்த நேரத்தில் வசந்தாமணி வாய் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்து அவமானத்தோடு போயிருக்கும். திறந்தாள்கூட. தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் சஞ்சீவ், மேடம், நீங்களே உங்க ஸ்டூடண்டுக்குச் சொல்லுங்க என்றான். உங்க ஸ்டூடண்ட். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், ஆசிரியையைப் பார்க்கிற மாதிரி. அவளும் ஆசிரியை மாதிரியே, இனிமேல் பார்த்துப் பண்ணும்மா என்று சொன்னாள். சொன்னாள், தன் வாயால்.

பதினாறு நாள் ஆயிற்று. இர்ஃபான் மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டான், பரோட்டாக்கள் திரும்பி வந்துவிட்டன. ரெவ்யூவும் முடிந்துவிட்டது, யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு கணக்கில் கேட்கலாம். அந்தப் பெண்ணிடம்தான் யாரும் பேசுவதில்லை. கேண்டீனில் அவள் உட்காரும் மேசைக்குப் பக்கத்து மேசையும் காலி. வசந்தாமணி பேசுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், கேட்கும்போதே தன்னுடைய குரலில் இருக்கிற அந்தப் பரிவு அவளுக்கே குமட்டுகிறது. வீட்டில் அவர் இந்தப் படிப்பைப் பற்றி அபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், நாற்பத்து மூன்று வயசில் என் மனைவி என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், கீழே கைதட்டல் பொம்மைகள். பாலிடெக்னிக் பிரின்சிபாலும் சஞ்சீவும் ஒரே கைடிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். இன்றைக்கு இங்கே எழுதுவது நாளைக்கு அங்கே ஸ்டாஃப் ரூமில் டீயோடு பரிமாறப்படும். ஒரு லெக்சரருக்குப் புஷ் பண்ணத் தெரியல, பழியைப் புள்ள மேல போட்டுட்டு... அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அந்த மாதிரிச் சிரிப்பை அங்கே ஆரம்பித்து வைப்பவளே அவள்தான். மணி நாலு முப்பத்தெட்டு. இர்ஃபானுக்கு ஐம்பத்தொன்று. தனக்கு முப்பது, கணக்கில் சேராததுதானே, அடக்கமாக இருக்கட்டும். கோகிலவாணிக்குப் பத்தொன்பது. பத்தொன்பது பார்க்க நியாயமாக இருக்கிறது, பத்தைவிட இரண்டு மடங்கு கிட்டத்தட்ட, கேட்டால் நான் தாராளமாகத்தான் போட்டேன் என்று சொல்லலாம், அரியரை இர்ஃபான் கொண்டுவந்தான் என்று சொல்லலாம். நூறு. பச்சை டிக் வந்தது. இரண்டாவது பெட்டியில், கோகிலவாணியின் லாகினிலிருந்து கோடிங் அழிந்தது பதிவேட்டில் தெரிகிறது என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை பொய் இல்லை. எவ்வளவு சுத்தமான வாக்கியம். இப்படி ஒரு வாக்கியம் எழுதத் தெரிந்தவள் ஏன் நூறு வரி கோடிங் எழுத முடியாமல் போனாள்? அனுப்பு என்ற நீலப் பட்டன் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள்.  

"மேடம், ஒக்காரட்டுங்களா?"

கோகிலவாணிதான். மார்போடு பையை அணைத்துக்கொண்டு நின்றாள். வசந்தாமணி லேப்டாப் மூடியைப் பாதி இறக்கினாள்.

"ஃபார்ம் போட்டுட்டீங்களாங் மேடம்?"

"போட்டுட்டே இருக்கேன். என்ன?"

"ஒண்ணுமில்லீங். நான் இப்பத்தான் அனுப்புனனுங்க. ரெண்டாவது கேள்விக்கு நான்தான்னு எழுதீட்டனுங்."

வசந்தாமணிக்குச் சட்டென்று புரியவில்லை. "என்ன எழுதினே?"

"நான்தான் அழிச்சேன்னு. தெரியாமப் பண்ணீட்டேன்னு." பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "எனக்கு நெனப்பே இல்லீங் மேடம். பதினாறு நாளா ரோசனை பண்றனுங்க. அன்னிக்கு நான் எதையும் அனுப்பவே இல்லைன்னுதான் தோணுது. ஆனா லாக்ல பேரு இருக்குதுங்களே. அப்பறம் நீங்கதானுங்களே லேப்ல எப்பவும் சொல்லுவீங்க, நான் பாக்காமத் தட்டீர்றேன்னு. தட்டியிருப்பனுங்க. எனக்கே தெரியாமத் தட்டியிருப்பேன்."

முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது, தோள் இறங்கியது. முடிந்தது, அவளே எழுதிவிட்டாள், இனி யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அதன் பின்னாலேயே எரிச்சல் வந்தது. இவ்வளவு லேசாகவா? செய்யாததை ஒருத்தி இப்படியா ஒத்துக்கொள்வாள், ஒரு மெஷின் பெயரைக் காட்டினால் தன் ஞாபகத்தையே தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவாளா, முட்டாள், எண்ணெய்த் தலை முட்டாள், இவளையெல்லாம் யார் இப்படி வளர்த்தது? இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, தப்பு என்று ஒன்று நடந்தால் அது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று? கேள்வி தலைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த இடத்திலேயே நின்றது. அந்தப் பெண் இப்போதுதான் அதற்குப் பதில் சொல்லியிருந்தாள், யார் சொன்னது என்பதோடு. வசந்தாமணிக்குக் காது இரண்டும் எரிந்தன. அவளுக்கு இர்ஃபானைப் பிடிக்காது, சஞ்சீவைப் பிடிக்காது, பிரின்சிபாலை, தூங்குகிற பையனை, பேப்பர் வெட்டுகிறவரை, யாரையும் பிடிக்காது. ஆனால் இந்த நிமிஷத்தில் தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பிடிக்காத அளவுக்கு யாரையும் பிடிக்காமல் போனதில்லை.

"யாரு உன்னை எழுதச் சொன்னது?" வகுப்புக் குரல், நூலகம் முழுக்கக் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்துவிட்டான். "ஏம்புள்ள, அறிவில்ல? அது நான் பண்ணுனது. நீ இல்ல. நான்."

கோகிலவாணி அவளையே பார்த்தாள். கண் நிறைந்தது. பிறகு, வசந்தாமணி எதிர்பார்க்காத விதமாக, சிரித்தாள்.

"வேண்டாமுங் மேடம். எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம். நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு இர்ஃபான்கிட்டகூடச் சொன்னனுங்க. அவன்தான் நம்பல."

நாலு நாற்பத்தொன்பது. இதைவிடச் சுலபமான வழி யாருக்குக் கிடைக்கும்? உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவள் குற்றம். மாணவிக்காகப் பழி ஏற்க முன்வந்த ஆசிரியை என்று நாளைக்கு வகுப்பே பேசும், சஞ்சீவ்கூட எழுந்து நிற்பான், பிரின்சிபால் காதுக்கும் போகும். ஒன்றும் செய்ய வேண்டாம், கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டால் போதும். குனிந்தாள்கூட. மேசையில் எவனோ காம்பஸ் முனையால் ஒரு பெயரைக் கீறியிருந்தான், அதன் மேலேயே கண் நின்றது.

"கோகிலா," என்றாள். குரல் இப்போது வகுப்புக் குரலாக இல்லை. "அந்த வியாழக்கிழமை, மணி ஒண்ணு தாண்டியிருக்கும். என்னோட வாட்டர் பாட்டில் காலியா இருந்துச்சு. நான் கேக்கல. நீயாத்தான் எடுத்துட்டு கீழ தண்ணி புடிக்கப் போனே. கூலர் ரிப்பேரு, அடுத்த பிளாக் போய்ட்டு வந்தேன்னு சொன்னே. நீ போயிருந்தப்பத்தான் உன் லேப்டாப்ல உட்கார்ந்து அனுப்புனேன். அது வேண்டாம் வேண்டாம்னுச்சு. நான் ஃபோர்ஸ் போட்டேன்."

கோகிலவாணியின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, என்ன செய்வதென்று தெரியாமல். பிறகு அவள் பாட்டிலை ஞாபகப்படுத்திக்கொண்டது தெரிந்தது, கூலரை, மாடிப்படியை. பையைக் கீழே வைத்தாள்.

"நான் திரும்பி வந்தப்ப நீங்க உங்க சீட்ல உட்கார்ந்திருந்தீங்க."

"ஆமா."

"தண்ணி வாங்கிக் குடிச்சீங்க."

"ஆமா."

"அடுத்த நாளு பாத்துப் பண்ணும்மான்னு சொன்னீங்க."

  வசந்தாமணிக்கு மன்னிப்பு என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, பதினாறு நாளை அந்த வார்த்தையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், கேவலமாக இருந்தது, விழுங்கிவிட்டாள். கோகிலவாணி திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் ஏதோ ஒன்று முடிந்திருக்கும். அந்தப் பெண் திட்டவில்லை, அழவில்லை, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பாதி இறங்கியிருந்த லேப்டாப் மூடியைத் தானே தூக்கினாள். திரையில் பத்தொன்பது இருந்தது. கீழே அந்த வாக்கியம் இருந்தது. இரண்டையும் நிதானமாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அழிங்க," என்றாள்.

வசந்தாமணி அழித்தாள்.

"இப்பச் சொன்னதை எழுதுங்க. உங்க பேரப் போட்டு."

எழுதினாள். எழுத்துப் பிழை வந்தது, திருத்தினாள். தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு எழுதியபோது கோகிலவாணி திரையில் அந்த இடத்தைச் சுட்டுவிரலால் தொட்டாள். அதையும் சேர்த்தாள். எண்களை மாற்றும்போது எவ்வளவு போட என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. கோகிலவாணிக்கு நாற்பத்தைந்து, இர்ஃபானுக்கு ஐம்பத்தைந்து, தனக்குப் பூஜ்யம். ஃபார்ம் வாங்கிக்கொண்டது. மணி நாலு ஐம்பத்தாறு. நீலப் பட்டன் மேல் அம்பை வைத்துவிட்டு, ஏன் என்று தெரியாமல், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கோகிலவாணி அவளைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்புங்க," என்றாள்.